பின்சக்கரத்துக்கு ஸ்பேசர் போடலாமா? கண்ணுக்குத் தெரியாத நான்கு நட்டுகளைப் பற்றி

பத்து ஆண்டு ஓடிய மாருதி ஸ்விஃப்ட்டின் பின்சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கித் தெரிகின்றன என்றும், பக்கத்துக்கு 20 மி.மீ. ஸ்பேசர் (பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் இடையில் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் உலோக வில்லை) போட்டு அகலப்படுத்தினால் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில் ஓட்டுவது பாதுகாப்பாக இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோற்றத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் மனத்தில் முடிவு செய்துவிட்டுத்தான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கேட்டவன்தான். எனவே, போடுவதானால் எப்படிப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னுடைய வண்டியும் ஸ்விஃப்ட். ஸ்பேசர் பொருத்தி ஒரு மாதம் ஆகியிருந்த நிலையில், ஒரு நாள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, அரவேனு தாண்டியதும் இடது பின்பக்கத்திலிருந்து மெல்லிய 'டொக் டொக்' சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்தி, நான்கு வீல் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன்; எதுவும் அசையவில்லை. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி கிளம்பினேன். குஞ்சப்பனை வருவதற்குள் சத்தம் வலுத்துவிட்டது. ஊர்ந்தபடியே கீழே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் விஷயம் விளங்கியது. வெளியே தெரிந்த நட்டுகள் ரிம்மை ஸ்பேசரோடு இறுக்கமாகவே பிடித்திருந்தன. ஸ்பேசரை டிரம்மோடு பிடித்திருக்க வேண்டிய உள் நட்டுகளில் இரண்டு, விரலால் சுற்றினாலே சுழன்றன. ஸ்பேசரில் அந்த இரண்டு ஓட்டைகளும் வட்டம் கெட்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. சக்கரத்தைக் கழற்றாமல் அந்த நட்டுகளைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ "நட்டு எல்லாம் டைட் பண்ணியாச்சு" என்று சொல்லும்போது அவர்கள் சொல்வது வெளி நட்டுகளைப் பற்றித்தான்.

சக்கரத்தின் பாரத்தை ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைக் கம்பி, தாங்குகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில், நட்டை முடுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீண்டு, இழுத்துக் கட்டிய கயிறுபோல ரிம்மையும் டிரம் முகப்பையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. பாரத்தையும் பிரேக் விசையையும் பெரும்பாலும் தாங்குவது அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான். முகப்பில் துருவோ மண்ணோ பெயின்ட் பொருக்கோ இருந்தால், முடுக்கும்போது இறுக்கமாகத் தோன்றினாலும், சில நாள் ஓட்டத்தில் அது நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். நமது மலை ஈரத்தில் டிரம் முகப்பு துருப்பிடிக்காமல் இருப்பது அபூர்வம். என் வண்டியிலும் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஸ்பேசரை வைத்து ஏர் கன்னால் முடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான், எனவே குறையில் பாதி என்னுடையது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நடு ஓட்டை. ஸ்விஃப்ட்டின் ஹப்புக்கு (சக்கரம் உட்காரும் நடுப்பகுதிக்கு) அது 54.1 மி.மீ.; ஸ்பேசர் அந்த அளவில் கச்சிதமாக உட்கார வேண்டும், ஸ்பேசரின் வெளிப்புறத்திலும் ரிம் உட்கார அதே அளவில் ஒரு விளிம்பு இருக்க வேண்டும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் பெரிய ஓட்டை ஸ்பேசர் மையம் விலகி உட்கார்ந்து, வேகம் கூடும்போது நடுக்கம் கொடுக்கும். நான்கு ஸ்டட்டுகள் 100 மி.மீ. வட்டத்தில் அமைந்திருக்கின்றன, ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், டொயோட்டா கார்களில் அது 1.5 என்பதால், கடையில் நட்டு மாறிப்போனால் இரண்டு மூன்று சுற்று ஏறியதும் இறுகும். அந்த இறுக்கத்தைப் பிடி என்று எண்ணி மேலும் முடுக்கினால் மரையே அழிந்துவிடும். நட்டைக் கையால் கடைசிவரை சுற்ற முடிய வேண்டும், அதன் பிறகுதான் ஸ்பேனர். லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். நடு ஓட்டையை லேத் துல்லியமாகவே கடையும், ஆனால் நான்கு ஸ்டட் ஓட்டைகளையும் மையம் பிசகாமல் துளைப்பது வேறு வேலை, உலோகம் எந்த ரகம் என்பதும் தெரியாது. இரண்டு மெல்லிய ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

20 மி.மீ. ஸ்பேசரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியின் பழைய ஸ்டட் முனை ஸ்பேசரின் முகப்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால்கூட, ரிம் முகப்பில் உட்காராமல் ஸ்டட் முனையின் மேல் உட்காரும். ரிம்மின் பின்புறத்தில் அதற்கான குழிகள் இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த ஸ்பேசர் உங்களுக்கானது அல்ல. சக்கரம் வெளியே தள்ளப்படுவதால் பேரிங்குக்கும் வேலை கூடுகிறது. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது.

வளைவில் வண்டி சாயாது என்ற நம்பிக்கையில் போடுவோருக்கும் ஒரு சொல். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரு பக்கமும் சேர்த்து 40 மி.மீ. கூடுவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய ஜிப்ஸியை நிலைப்படுத்த 1993இல் மாருதி இரண்டு அச்சுகளின் சக்கர அகலத்தையும் 90 மி.மீ. கூட்டியது, அதுவும் அச்சையே அகலமாக்கித்தான், இடையில் வில்லை செருகி அல்ல. பின்பக்கத்தை மட்டும் அகலப்படுத்தினால் பின்பிடி சற்றுக் கூடி, இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் வெளியே விலகும் போக்கு கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. நான்கு பேரை உட்காரவைத்து, ஒரு பின்சக்கரத்தை மேடான பலகையில் ஏற்றிப் பார்த்தால், டயர் விளிம்பில் உரசுமா என்பது தெரிந்துவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவையும், தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறந்துவிடக் கூடாது. விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் சர்வேயரின் கண் முதலில் ஸ்பேசர் மேல்தான் விழும்.

பொருத்தும் நாளில் சமதளம் தேடுங்கள். நம் ஊரில் அதுவே பாதி வேலை. ஸ்விஃப்ட்டில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் அதை நம்ப முடியாது. முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். டிரம் முகப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். நடு விளிம்பில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசலாம், மரையில் எண்ணெய் படக் கூடாது. எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு முடுக்க வேண்டும். என் வண்டியின் கையேடு 85 நியூட்டன் மீட்டர் என்கிறது, ஸ்பேசரின் உள் நட்டுகளுக்கு அதைச் செய்தவர் சொன்ன அளவைப் பின்பற்றுங்கள்.

முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை மறுபடி பாருங்கள், பிறகு ஒவ்வொரு டயர் மாற்றத்தின்போதும் பாருங்கள். மலை இறங்கியவுடன் மட்டும் பார்க்காதீர்கள்: டிரம் கொதித்துக்கொண்டிருக்கும், எஃகு ஸ்டட்டைவிட அலுமினிய ஸ்பேசர் அதிகம் விரியும், எனவே சூட்டில் காட்டும் இறுக்கம் பொய். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும், அதன் பிறகு ரெஞ்சை எடுங்கள்.