சிரித்தது அக்கா, கோபித்தது தங்கை

கேள்வி: எனக்கு 42 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. எங்கள் ஊரில் பெண்கள் ஏழு பேர் மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுகிறோம். போன மாதம் நைஜீரிய எழுத்தாளர் ஒயின்கான் பிரைத்வெயிட் எழுதிய ‘மை சிஸ்டர், த சீரியல் கில்லர்’ நாவலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். காதலர்களைக் கொல்லும் தங்கை, ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் தடயத்தைத் துடைக்கும் அக்கா. படிக்கும்போது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். கூட்டத்தில் ஆளுக்கொரு கருத்து. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “மூணு பேர் செத்திருக்காங்க, இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்று கேட்டார். இன்னொருவருக்கு, கொலையாளி யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டதால் சப்பென்று இருந்ததாம். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் தங்கைக்கும் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். நாலே நாளில் படித்துவிட்டு போன் செய்தாள். “இதை எதுக்கு எனக்குக் கொடுத்தே? என்னைப் பத்தி நீ இப்படித்தான் நினைக்கிறியா?” என்றாள். “கதைதானேடி” என்று சிரித்தேன். போனை வைத்துவிட்டாள். மூன்று வாரமாகப் பேச்சில்லை. கொலைக் கதைக்குச் சிரித்தது என் மனதில் உள்ள கோளாறா? தங்கையிடம் நான் என்ன சொல்லட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே அலமாரியில் இருந்து அந்த நாவலை எடுத்து மறுபடியும் படித்தேன். பதிலுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எங்கள் வீட்டில் கடைக்குட்டி, எனக்கு மேலே ஒரு அக்கா. அதனால் உங்கள் தங்கையின் கோபம் எனக்குச் சீக்கிரம் புரிந்தது. உங்கள் சிரிப்பு புரிவதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

நாவலைப் படிக்காத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. 2018-ல் வந்த இது, நைஜீரியாவின் பெருநகரமான லாகோஸில் பிறந்த எழுத்தாளரின் முதல் நாவல். மறு ஆண்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலும், பெண் எழுத்தாளர்களுக்கான விமென்ஸ் பிரைஸின் குறும்பட்டியலிலும் இடம்பெற்றது. கதை நடப்பதும் லாகோஸில். அக்கா கொரெடே மருத்துவமனையில் நர்ஸ். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள், யார் கண்ணிலும் படாதவள். தங்கை அயூலா பேரழகி, அம்மாவின் செல்லம். கதை தொடங்கும்போதே மூன்றாவது காதலன் ஃபெமியைக் குத்திக் கொன்றுவிட்டு அக்காவுக்கு போன் செய்கிறாள். அக்கா கிளம்பிப் போகிறாள்.

நீங்கள் எந்த இடத்தில் முதலில் சிரித்தீர்கள் என்று எழுதவில்லை. குளியலறைக் காட்சியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபெமியின் குளியலறையில் அக்கா ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அயூலா டாய்லெட் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் கொரெடேயின் நினைப்பு எங்கே போகிறது தெரியுமா? பிளீச் ரத்த வாடையை மறைக்கும் என்பதில், அந்தப் பாட்டிலின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று யாருமே படிப்பதில்லை என்பதில். எதிரே ஒரு உயிர் போயிருக்கிறது. இவளோ துலக்காத பாத்திரத்தைப் பார்த்த மாமியார் மாதிரி தரையை முறைக்கிறாள். நமக்கு வரும் சிரிப்பு செத்தவனைப் பார்த்து வருவது இல்லை. இந்த நேரத்திலும் வேலையைச் சுத்தமாகச் செய்கிற அந்த மூத்த பெண்ணைப் பார்த்து வருவது. அவளை நமக்குத் தெரியும். எவ்வளவு பெரிய இடி விழுந்தாலும் ‘சரி, துடைப்பம் எங்கே?’ என்று கேட்கும் ஒருத்தி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறாள்.

அதனால் உங்கள் மனதில் கோளாறு எதுவும் இல்லை. உங்களைப் போல ஒருத்தியைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள். தங்கைக்காக நீங்கள் எதையெல்லாம் துடைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆசிரியை சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஃபெமிக்கு முன்னால் செத்த இரண்டு ஆண்களைப் பற்றி நாவல் அதிகம் சொல்வதில்லை. ஃபெமி மட்டும்தான் ஆளாக நம் மனதில் நிற்கிறான், அதுவும் செத்த பிறகு. அவன் கவிதை எழுதுகிறவன். கொரெடே இரவில் உட்கார்ந்து அந்தக் கவிதைகளைத் தேடிப் படிக்கிறாள். தான் பாலத்தில் இருந்து தண்ணீரில் தள்ளிய மனிதனின் குரலை அவள் அப்போதுதான் கேட்கிறாள். அந்தப் பக்கங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, யாருக்கும் வராது. அடுத்த கூட்டத்தில் ஆசிரியையை அந்தக் கவிதைப் பக்கங்களை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்கிறது என்பது அவருக்கே தெரியும்.

ஃபெமியைத் தள்ளிய அந்தப் பாலம், 11 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தேர்ட் மெயின்லேண்ட் பாலம். லாகோஸ் தீவையும் பெருநிலத்தையும் இணைப்பது. 1990-ல் திறந்தது. பகலில் வண்டி நகராத அந்தப் பாலத்தில் இரவில் இரண்டு பெண்கள் ஒரு உடலோடு நிற்கிறார்கள். லாகோஸ்வாசிகள் தினமும் கடக்கும் இடம் அது. நம் ஊரில் ஒரு எழுத்தாளர் அடையாறு பாலத்தை எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி நினைத்துப் பாருங்கள்.

‘சப்பென்று இருந்தது’ என்றவருக்கு ஒரு வார்த்தை போதும். பாக்கெட் நாவல் படித்து வளர்ந்த நமக்கு, கொலையாளி கடைசி அத்தியாயத்தில் மாட்ட வேண்டும் என்ற பழக்கம் ஊறிப்போய்விட்டது. இங்கே அது அட்டையிலேயே இருக்கிறது. யார் கொன்றது என்பதை விட்டுவிட்டு, அக்கா இன்னும் எத்தனை முறை போனை எடுப்பாள் என்று படித்தால் கதை ஓடும். ‘போலீஸிடம் போயிருக்கலாமே’ என்பவர்களும் உண்டு. நடுவே ஒரு போக்குவரத்து அதிகாரி கொரெடேயின் காரை மறித்துப் பணம் கறக்கும் காட்சி வருகிறது. அந்த ஊரில் அவள் யாரை நம்பிப் போவாள் என்பதற்கு அந்த இரண்டு மூன்று பக்கமே போதும்.

சரி, உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்றால் மூத்தவளா இளையவளா என்று தெரியாது. வீட்டில் பேசும் தமிழில் ‘என் தங்கை’ என்றுதான் சொல்லியாக வேண்டும். சொன்ன உடனே பேசுகிறவள் அக்கா என்பதும் தெரிந்துவிடுகிறது. கொரெடேயின் மக்களான யொரூபாக்களின் மொழியிலும் வயது முக்கியம். ஆணோ பெண்ணோ, மூத்தவர் ‘எக்பொன்’, இளையவர் ‘அபுரோ’. ஆக, பெயர் வைக்கும்போதே கதை யாருடையது என்று முடிவாகிவிட்டது. முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பேசுவது அக்கா மட்டும்தான். அயூலா என்ன நினைத்தாள், எதற்குப் பயந்தாள், உண்மையிலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் குத்தினாளா, எதையுமே அவள் வாயால் நாம் முழுதாகக் கேட்பதில்லை. அவள் சொல்வதை அக்கா நமக்குச் சொல்கிறாள், நம்பலாமா வேண்டாமா என்ற தன் சந்தேகத்தையும் சேர்த்து.

இளையவளாகப் பிறந்தவள் அதைப் படித்தால் எப்படி இருக்கும்? எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறை. பக்கத்து வீட்டுச் சைக்கிளை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், சிறுபாலத்து ஓரம் சரளையில் விழுந்தேன். புதுப் பாவாடை கிழிந்து, முழங்காலில் இருந்து வழிந்த ரத்தம் துணியில் ஊறிவிட்டது. அப்பா வருவதற்குள் அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டே கல்லுப்பைக் கறை மேல் வைத்து இரண்டு கட்டை விரலாலும் தேய்த்தாள். தண்ணீர் முதலில் சிவப்பாக ஓடியது, பிறகு ரோஸ் நிறமாக, பிறகு வெறும் தண்ணீராக. கிழிசலை அன்று இரவே உள்பக்கமாகத் தைத்துவிட்டாள். சைக்கிளைத் துடைத்து இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொள் என்றாள். அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது.

இந்தக் கதையை எங்கள் வீட்டு விசேஷங்களில் அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். போன வருடம் இந்த நாவலை அவளுக்குக் கொடுத்தேன். குளியலறைக் காட்சியில் உங்களைப் போலவே சத்தம்போட்டுச் சிரித்தாள். “உன் பாவாடை ஞாபகம் வந்துடுச்சு” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அந்தச் சைக்கிளை எதற்கு எடுத்தாய் என்று அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கு அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட். முடிவு வந்த மாலைப் பேப்பர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அதை வாங்கிவரத்தான் போனேன். விழுந்ததில் காகிதம் எங்கே போனதோ. பிறகு வேறு யாரோ பேப்பர் வாங்கி வந்தார்கள், அவள் பாஸ். நான் உள்ளே ‘வயிற்று வலி’யோடு படுத்திருந்தேன்.

இதை அவளிடம் அன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு, “ஏன்டி இவ்வளவு நாளா சொல்லல?” என்றாள். நீ கேட்கவில்லையே என்றேன்.

உங்கள் தங்கை கேட்டதும் இதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னைக் கொலைகாரியாக அக்கா நினைக்கிறாள் என்று அவள் பயப்படவில்லை. அக்கா மனதில் தன்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது, அதில் தான் எப்போதும் வம்பை இழுத்துவிட்டு வருகிறவள், அக்கா எப்போதும் காப்பாற்றுகிறவள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ‘கதைதானேடி’ என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் வலித்திருக்கும்.

அதனால் சிரித்ததற்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ‘நான் உன்னைச் சொல்லவில்லை’ என்று ஆரம்பித்தால் அவள் நம்ப மாட்டாள். உண்மையில் கொஞ்சமாவது அவளை நினைத்திருப்பீர்கள். நினைத்தேன் என்றே ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அயூலா இந்தக் கதையைச் சொல்லியிருந்தா, எங்கே இருந்து ஆரம்பிச்சிருப்பா?” கேட்டுவிட்டு நடுவில் திருத்தாமல் இருங்கள். ‘இல்லடி, அன்னிக்கு நடந்தது வேற’ என்று வாய் வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மூத்தவர்களுக்கு இது கஷ்டம்தான்.

அவள் அப்பாவில் இருந்து ஆரம்பித்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நாவலில் அந்தக் கத்தி அப்பாவுடையது. பிள்ளைகளைப் பிரம்பால் அடித்த மனிதர் அவர். செத்துப் பத்து வருடம் ஆன பிறகும் அவர் நிழல் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான். அக்காவும் தங்கையும் ஒரே பயத்தில் வளர்ந்தவர்கள் என்பதும், ஒருத்தி துடைக்கக் கற்றுக்கொண்டாள், இன்னொருத்தி கத்தியை எடுத்துக்கொண்டாள் என்பதும் அங்கேதான் தெரிகிறது. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் நல்லது. ஏதாவது நடந்திருந்தால், அதைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசியிருக்கிறீர்களா?

இன்னொன்று, இது உங்களுக்காக. கொரெடே தன் மனதில் உள்ளதை எல்லாம் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும் முக்தார் என்ற நோயாளியிடம் கொட்டுகிறாள். அவருக்குக் கேட்காது என்ற தைரியம். மேலே என்ன ஆகிறது என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு என் அக்கா ஞாபகம் வரும். எல்லோர் ரகசியத்தையும் காப்பாற்றுகிறவள் தன்னுடையதை யாரிடம் சொல்வாள்? தங்கை பேசி முடித்த பிறகு, அன்றே இல்லாவிட்டாலும் இன்னொரு நாள், நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள். அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும். கேட்கிற வயதுதான்.

வாட்ஸ்அப்பில் வேண்டாம். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரும் தூரம் என்றால் நேரிலேயே போய்விடுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். நாலு நாளில் படித்து முடித்திருக்கிறாள் என்றால் அவளுக்கும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கேயாவது பென்சிலால் கோடு போட்டிருந்தால், அந்தப் பக்கத்தை அவளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.