13,200 கோடி மார்க்: ஜெர்மனி உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது?

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிமீது 13,200 கோடி தங்க மார்க் (தங்க மதிப்பில் கணக்கிடப்பட்ட ஜெர்மன் நாணயம்) இழப்பீடு சுமத்தியதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1919 ஜூன் 28-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தத் தொகையே கிடையாது. 231-ஆம் பிரிவு இழப்புகளுக்குப் பொறுப்பை மட்டும் சொன்னது. கணக்குப் போடும் வேலை வெற்றி பெற்ற நேச நாடுகளின் இழப்பீட்டு ஆணையத்துக்குப் போனது.

தொகை வந்தது 1921 மே மாதம், லண்டன் அட்டவணை எனப்படும் தவணைத் திட்டத்தில். அதை மூன்று வகைப் பத்திரங்களாகப் பிரித்தார்கள். 'ஏ' 1,200 கோடி, 'பி' 3,800 கோடி, 'சி' 8,200 கோடி. சூட்சுமம் 'சி'யில்தான். ஜெர்மனியால் கட்ட முடியும் என்று ஆணையம் முடிவு செய்தால்தான் அவை வெளியிடப்படும்; அதுவரை வட்டியும் இல்லை. பிரான்ஸ், பிரிட்டன் மக்களிடம் பெரிய எண்ணைக் காட்டுவதற்கான ஏற்பாடு என்றே சொல்லலாம். ஆக, நடைமுறைக் கடன் 5,000 கோடி. தவணை ஆண்டுக்கு 200 கோடி, அதோடு ஏற்றுமதி மதிப்பில் 26 சதவீதம்.

சிக்கல் அந்நியச் செலாவணியில். காகித மார்க்கை அச்சிட்டு இந்தக் கடனைத் தீர்க்க முடியாது. தங்கமோ டாலரோ வேண்டும். இழப்பீட்டின் ஒரு பகுதியாகப் பொருளாகவே தர வேண்டியிருந்த மரமும் நிலக்கரியும் பாக்கி விழுந்ததும், 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதிக்குள் புகுந்தன. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க பெர்லின் நோட்டு அச்சடித்துத் தள்ளியது. முன்பே தொடங்கியிருந்த பணவீக்கம் அதோடு கட்டவிழ்ந்தது: நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்.

1924-இல் டாஸ் திட்டம், 1929-இல் யங் திட்டம் எனத் தவணை குறைந்துகொண்டே வந்து, 1932-இல் லோசான் மாநாட்டோடு இழப்பீடு நின்றது. அந்தத் திட்டங்களுக்காக வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசி பாக்கி தீர்ந்தது 2010 அக்டோபர் 3-இல்.