கணவர் ஐசியூவில் இருக்கிறார், பங்குச்சாமியை இப்போதே கூப்பிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு நேற்றுக் காலை திடீரென்று பக்கவாதம் வந்து, வலது கை கால் விழுந்து பேச்சும் போய்விட்டது. மூளையில் ரத்தக்கட்டு என்று ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கத்தோலிக்கர். பங்குச்சாமியைக் கூப்பிடலாம் என்றால், மாமியார் "அதுக்குள்ள எதுக்கு, அபசகுனமா" என்கிறார். செபமாலையைக் கையில் எடுத்தால் பத்து மணிகளை உருட்டுவதற்குள் மனம் சிதறிவிடுகிறது. விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது?

பதில்:

இன்றைக்கே கூப்பிடுங்கள் சகோதரி. மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் மாமியாரின் பயத்துக்குக் காரணம் உண்டு. நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்கு அவர் காலத்தில் வழங்கிய பெயரே அவஸ்தைப்பூசுதல். மூச்சு இழுக்கும்போதுதான் சாமியார் வருவார், அவர் வந்து போனால் கோயில் மணிதான் அடுத்தது என்று அந்தத் தலைமுறை பார்த்துப் பழகியது. ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல என்று எழுதிவிட்டது. நோயினாலோ முதுமையினாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதற்கான நேரம் வந்துவிடுகிறது. யாக்கோபு மடல் 5-ஆம் அதிகாரத்தில், நோயுற்றவர் சபையின் மூப்பரை (குருக்களை) அழைக்கட்டும் என்றுதான் இருக்கிறது. கூப்பிடுகிற நிலையில் இருக்கும் நோயாளிக்குச் சொன்ன வார்த்தை அது. மாமியாரிடம் அந்த இரண்டு வசனங்களை (14, 15) வாசித்துக் காட்டுங்கள். வாதாடுவதைவிட அது கேட்கும்.

உங்கள் கணவர் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. பெரிய ரத்தக்கட்டாக இருந்தால் பாதிக்கப்பட்ட மூளைப்பகுதி வீங்கும். அந்த வீக்கம் முதல் நாளில் உச்சத்துக்கு வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் வரும். முதல் நாள் கண் திறந்து பார்த்தவர் பிறகு மயக்கத்துக்குப் போவது உண்டு. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் எண்ணெய் பூசுவது தனக்கு என்று தெரிந்து, மனத்தால் ஆமென் சொல்லும் நிலையில் அவர் இருக்கும்போதே அது நடப்பது நல்லது. பிறகு நிலைமை மோசமானால் மறுபடியும் பூசலாம், அறுவை சிகிச்சை என்றாலும் அதற்கு முன் பூசலாம். ஆகவே "கடைசிக்கு வைத்திருப்போம்" என்று சேமித்து வைக்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே மயக்கத்தில் இருந்தாலும் தயங்க வேண்டாம். சுயநினைவில் இருந்திருந்தால் இதை விரும்பியிருப்பார் என்றால் அதுவே போதும்.

சாமியாருக்குப் போன் செய்யும்போது "கொஞ்சம் சீரியஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நோயாளியின் பெயர், மருத்துவமனை, தளம், படுக்கை எண், நினைவு இருக்கிறதா, பேச்சு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா, பார்வையாளர் நேரம் எது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் பங்கு தூரமாக இருந்தால் மருத்துவமனைக்குப் பக்கத்துப் பங்கில் கேளுங்கள். குருப்பட்டம் பெற்ற யாரும் பூசலாம். திருத்தொண்டரோ (டீக்கன்), கன்னியரோ, நற்கருணைப் பணியாளரோ பூச முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஊரில் அன்பியத் (பங்கின் சிறு குடும்பக் குழு) தலைவருக்கோ உபதேசியாருக்கோ ஒரு வார்த்தை சொன்னால் சாமியாரைத் தேடும் வேலையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஐசியூ சிஸ்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "எங்க சாமியார் வந்து அஞ்சு நிமிஷம் செபிப்பார், நெத்தியிலயும் கையிலயும் ஒரு துளி எண்ணெய் வைப்பார்." டாக்டர் ரவுண்ட்ஸும் டூட்டி மாறும் நேரமும் வேண்டாம். முழுச் சடங்குக்கு நேரம் இல்லையென்றால் குரு தலைமேல் கை வைத்து, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசி, மந்திரத்தைச் சொன்னாலே அருளடையாளம் முழுமையாகிறது. நெருக்கடியில் நெற்றி மட்டும் போதும். நெற்றியில் கட்டு இருந்தால் வேறு இடத்தில் பூசலாம். தொற்று பயம் இருந்தால் பஞ்சு சுற்றிய குச்சியால் பூசவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. ஊசி ஏற்றிய கையில் பிளாஸ்டர் ஓரமாகப் பூசினால் அது கழன்றுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியை வெளியிலேயே வைத்துவிடுங்கள். ஆக்சிஜன் ஓடும் இடம் அது.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் எப்படி என்று யோசிப்பீர்கள். பேச முடியாதவர் தலையசைத்தோ, குருவின் கையை அழுத்தியோ மனத்துயரைக் காட்டினால் போதும். அதுவும் முடியாத நிலையில் நோயில்பூசுதலே பாவமன்னிப்பையும் தருகிறது. "எங்களைக் கொஞ்சம் தனியா விடுங்க" என்று சாமியார் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

இனி, அன்பினால் செய்யும் ஒரு பெரிய தவறு. சொந்தக்காரர்கள் வேளாங்கண்ணி எண்ணெயும் தீர்த்தமும் கொண்டுவருவார்கள். வாயில் ஒரு சொட்டுகூட விட அனுமதிக்காதீர்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படலாம். தொண்டைக்குள் போவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். விழுங்கும் திறனைச் சோதித்து டாக்டர் சரி சொல்லும்வரை தண்ணீர், இளநீர், தீர்த்தம் எதுவும் வேண்டாம். எண்ணெயை நெற்றியில் தொட்டு வைக்கலாம், அதுவும் ஆக்சிஜன் மாஸ்க் பக்கம் போகாமல். அது அருட்கருவி, விசுவாசத்தோடு தொட்டாலே போதும், அளவு கூடினால் பலன் கூடுவதில்லை. பெரிய வியாழனையொட்டி ஆயர் மந்திரிக்கும் நோயாளர் எண்ணெய் வேறு, அது குருவிடம் இருக்கும்.

நற்கருணைக்கும் இதே கவனம் வேண்டும். விழுங்கலாம் என்று சொன்ன பிறகு அப்பத்தின் மிகச் சிறு துணுக்கு போதும், அதிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். கெட்டிப்பொருள் கூடாது, பானம் மட்டும் விழுங்கலாம் என்றால் இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. ஒன்றும் முடியாதபோது, ஆண்டவரை மனத்தால் வரவேற்கும் ஆன்ம நற்கருணை செபத்தை அவர் காதில் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்கு அழைத்துப்போகும் முன் கழுத்தில் உள்ள சுரூபம், சங்கிலி, உலோக ஜெபமாலை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், எம்ஆர்ஐ என்றால் கட்டாயம். கழுத்தில் பக்தியாக அணியும் துணி உத்தரியத்திலும் உலோகத் தகடு தைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு மறுபடி போட்டுவிடலாம்.

இப்போது உங்கள் செபம். அவருக்கு விழுந்தது வலப்பக்கம்; மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருக்கும். வலப்பக்கத்துப் பார்வையும் குறைந்திருக்கலாம். ஆகவே அவருடைய இடப்பக்கம் போய் நில்லுங்கள். ஜெபமாலையையும் இடது கையில் கொடுங்கள், விரலில் கிளிப் மாட்டியிருந்தால் அதில் சிக்காமல். உணர்ச்சியற்ற வலது கைக்குள் மணிகளை வைத்து மூடினால் அழுத்திப் புண்ணாகும், அவருக்குத் தெரியவும் தெரியாது. பிறகு காதருகே மெதுவாக, "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே..." என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். பேச்சு போன சிலருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. ஆனால் சிறுவயதிலிருந்து மனப்பாடமான செபமும் பாட்டும் வரும். இப்படி வாய்ப்பாடாகப் பதிந்த சொற்கள் பல நேரம் தப்பிப் பிழைக்கின்றன. உதடு அசைந்தால் போதும். வரவில்லையென்றால் வற்புறுத்தாமல் நீங்களே முடித்துவிடுங்கள்.

உங்களால் ஐம்பத்து மூன்று மணி சொல்ல முடியவில்லை என்பதில் குற்றம் ஒன்றுமில்லை. தூக்கம் கெட்ட மனத்துக்கு நீண்ட செபம் நிற்காது. நம் பாட்டிமார் மனவல்லய செபம் என்று வைத்திருந்தார்கள், ஒரே மூச்சில் முடிவது: "இயேசுவே, இரக்கமாயிரும்." ஐசியூ வாசல் பெஞ்சில் அதைச் சொல்லிக்கொண்டிருங்கள். கோபம் வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள். 88-ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள், கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிறது, திருச்சபை அதையும் செபமாகவே வைத்திருக்கிறது. நம் பாவத்துக்குத் தண்டனையோ என்று யாராவது கிளப்பினால், பிறவிக் குருடரைப் பற்றி இயேசு சொன்ன பதில் யோவான் 9:3-இல் இருக்கிறது. அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

நடுவில் யாராவது வந்து, மாத்திரையை நிறுத்து, செபத்திலேயே எழுப்பிவிடலாம் என்பார்கள். கேட்காதீர்கள். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் ஆண்டவரிடம் மன்றாடச் சொல்கிறது, அதே மூச்சில் மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. ரத்தம் ஏற்றுவதற்கோ, அறுவை சிகிச்சைக்கோ, கடும் வலிக்கு மார்ஃபினுக்கோ கத்தோலிக்கருக்குத் தடை கிடையாது. வென்டிலேட்டர் பற்றிக் கையெழுத்து கேட்டால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதனால் மீளும் வாய்ப்பு இருக்கிறதா, அவருக்கு எவ்வளவு பாரம்? பலனுக்குப் பொருந்தாத, பெரும் பாரமான சிகிச்சையை விடுவது கொலையாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி 2278-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அடிப்படைப் பராமரிப்பை விடக் கூடாது, உயிரை முடிப்பதற்கென்று எதையும் செய்யக் கூடாது. தனியாக முடிவெடுக்காமல் சாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால்: முகம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது கண்டால் உடனே 108. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. செபத்தை ஆம்புலன்ஸில் ஏறிச் சொல்லுங்கள். துணைவர் வேற்று மதத்தவர் என்றால் அவர் மயக்கத்தில் இருக்கும்போது நீங்களாக ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, முன்பே அவர் விரும்பிக் கேட்டிருந்தால் ஒழிய.

நேர்ச்சை பற்றி ஒன்று. இந்தப் பயத்தில் "எழுந்தா அவரை வேளாங்கண்ணிக்கு நடத்தியே கூட்டி வர்றேன்" என்று நேர்ந்திருப்பீர்கள். நேர்ச்சை நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும், அவரைக் கட்டாது. கால் இழுக்கும் மனிதரை அந்த வெயிலில் நடக்க வைக்க வேண்டாம். உங்களாலும் முடியாத நேர்ச்சை என்றால், நியாயமான காரணத்தோடு பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், விலக்கவும் வேறொன்றாக மாற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

சாமியார் இன்று வரும்போது நீங்களும் நற்கருணை வாங்குங்கள். இப்போதுதானே இட்லி சாப்பிட்டேன் என்று ஒதுங்காதீர்கள். நற்கருணைக்கு முன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாசம் நோயாளியைப் பராமரிப்பவருக்கும் கிடையாது.