வெயிலுக்கு யார் காரணம்? – கேள்வி பதில்

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் பூமி சூடாவது பற்றிய கேள்விகளெல்லாம் என்னிடம் வந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர் ஆசிரியர்): சார், பனியுகம் வந்து போனபோது காரும் இல்லை, ஆலையும் இல்லை. இப்போது மட்டும் மனிதன்தான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? எரிமலை கக்குவதில் பாதிகூட நாம் விடுவதில்லையாமே?

பதில்: பனியுகங்கள் பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் மெல்ல மாறியதால் வந்து போனவை. அதற்குப் பல்லாயிரம் வருஷம் பிடிக்கும். இப்போது நாம் பேசுவது ஒன்றரை நூற்றாண்டுக் கதை. எரிமலைக் கணக்கு தலைகீழாக உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடும் கரியமில வாயு, நாம் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் அளவை விட நான் நம்பும் சாட்சி அந்தக் கரியேதான். கரியில், அதாவது கார்பனில், எடையில் மாறுபடும் 12, 13, 14 என்று மூன்று வகை உண்டு. உயிரோடிருக்கும் செடியில் கார்பன் 14 துளி இருக்கும். செடி செத்த பிறகு 5,730 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகிக்கொண்டே போகும். நெய்வேலி நிலக்கரி மண்ணுக்குள் கிடந்ததோ கோடிக்கணக்கான வருஷம். அதில் 14 மிச்சமே இல்லை. செடிகள் 13ஐ விட 12ஐத்தான் அதிகம் இழுத்துக்கொள்ளும் என்பதால், செடி மக்கி வந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் 13 குறைவு. சரி, காற்றை அளந்து பார்த்தால்? 13இன் பங்கு இறங்கிக்கொண்டே வருகிறது. காற்றில் 14 நீர்த்துப்போவதை மரத்துண்டுகளை வைத்து ஹான்ஸ் சூயஸ் 1955லேயே காட்டிவிட்டார். போதாததற்கு, எரிந்த கணக்குக்கு ஏற்ப ஆக்சிஜனும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. எரிமலை ஆக்சிஜனை இப்படித் தின்னாது. காற்றில் கூடிய கரி எங்கே பிறந்தது என்று இதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

கேள்வி (மதுரை மாணவி): சூரியன்தான் கூடுதலாகச் சுடுகிறது என்கிறார் என் மாமா.

பதில்: 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளக்கின்றன, அப்படி ஏற்றம் எதுவும் இல்லை. சூரியன் காரணமென்றால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். கீழே சூடாக, மேலே குளிர்கிறது. மாமாவிடம் இதை மட்டும் சொல்லிப் பாரம்மா.

கேள்வி (கோவை வாசகர்): காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தானே? அத்தனை சின்ன அளவா பூமியைச் சூடாக்கும்?

பதில்: பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு அது 4 மில்லி. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, 4 மில்லி ஊற்றிப் பாருங்கள், வேட்டி என்ன ஆகிறதென்று! தண்ணீருக்கு நிறம் இல்லை, நீலத்துக்கு உண்டு. காற்றும் அப்படித்தான்: 99 பங்காக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. தடுப்பது கரியமில வாயுவும் நீராவியும் போன்றவை. ஜான் டிண்டால் 1859இல் ஆய்வகத்தில் அளந்து பார்த்த விஷயம் இது. ஆலைகள் வருவதற்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அன்டார்டிகா பனிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளைப் பார்த்தால், முந்தைய 8 லட்சம் வருஷத்தில் அது அதிகபட்சமே 300ஐ ஒட்டித்தான் போயிருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

கேள்வி (மன்னார்குடி விவசாயி): ஐயா, கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடு. கூடினால் விளைச்சல் கூடாதா?

பதில்: சாப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பகலில் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பயிர் இராத்திரி மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இராத்திரி புழுங்கப் புழுங்க அந்தச் செலவு கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் வறண்ட பருவ விளைச்சல் 10 சதவீதம் இறங்கியதை 2004இல் வெளியிட்டார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் உங்கள் ஊர் இராத்திரி எப்படி இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): 2015 வெள்ளத்துக்குக் காலநிலை மாற்றம்தானே காரணம்?

பதில்: இதில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. அந்த டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்குப் புவி வெப்பமாதலின் பங்கு தெளிவாகத் தென்படவில்லை. அந்த வருஷம் பலமான எல் நினோ வேறு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி நம் பருவமழையையும் மாற்றும் இயற்கை நிகழ்வு. ஆனால் தண்ணீர் ஏன் உங்கள் வீட்டுக்குள் நின்றது? பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போய். ஏரியைத் தூர்த்தவர்கள் "எல்லாம் காலநிலை" என்று கைகழுவ நாமே வழி செய்துகொடுக்கக் கூடாது. எனக்கு இதில் கோபம் உண்டு. அதே சமயம், காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. இனி வடிகால் கட்டுகிறவர்கள் தாத்தா காலத்து மழைக் கணக்கை நம்பிக் கட்ட முடியாது.

கேள்வி (சேலம்): பணக்கார நாடுகள் கெடுத்ததற்கு நாம் ஏன் குறைக்க வேண்டும்?

பதில்: இது நியாயமான சண்டை. இதுவரை எரித்துவிட்ட மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு சுமார் நாலில் ஒன்று, இந்தியாவுடையது நூற்றுக்கு நாலுக்கும் கீழே. 2022இல் எகிப்தில் கூடிய ஐ.நா. மாநாட்டில் பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி வைக்க ஒத்துக்கொண்டதே பெரிய போராட்டத்துக்குப் பிறகு. ஆனால் இன்று வருஷ அளவில் நாம் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். அப்புறம், இங்கே அடிக்கும் வெயில் கட்டட வேலைக்காரர் தலையில்தான் விழுகிறது. நிதியைக் கேட்போம், நம் கரியையும் குறைப்போம்.

கேள்வி (எண்ணூர் மீனவர்): அண்ணே, கடல் ஊருக்குள்ளே வருது. பூமி சூடானதாலயா?

பதில்: இரண்டும் கலந்திருக்கலாம், தம்பி. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் 20 செ.மீ. உயர்ந்தது உண்மை. ஆனால் நம் கிழக்குக் கரையில் அலை மணலை வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. உங்கள் ஊருக்குத் தெற்கே எங்கெல்லாம் சுவரும் கல்லும் போட்டிருக்கிறார்கள், எந்த வருஷம் போட்டார்கள், கரை அரிக்கத் தொடங்கியது எப்போது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வருஷங்களை ஒத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.