நம் ஊரில் ஒன்றுமே இல்லையா?

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில் வேலை. லீவு கிடைத்தால் நானும் என் கணவரும் ஏதாவது ஒரு பட்டணத்துக்குப் போய் நடந்தே சுற்றுவோம். பினாங்கு, ஈப்போ சுவரோவியங்கள், சந்து முனைகளில் இருக்கும் இரும்புக் கம்பிச் சித்திரங்கள், பூங்காச் சிற்பங்கள் என்று எதிர்பாராமல் ஒன்று கண்ணில் படும்போது வரும் சந்தோஷமே தனி. மேப் வைத்துத் தேடிப் போவதா, சும்மா சுற்றித் தானாகக் கண்டுபிடிப்பதா என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. கலை என்றால் மியூசியத்தில்தான், தெருவில் இருப்பதெல்லாம் செல்ஃபிக்கு என்று அவர் கேலி செய்வார். அடுத்து எந்த ஊருக்குப் போகலாம், சொல்லுங்கள். ஒரு வருத்தமும் உண்டு. நம் ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், இங்கே ஒன்றுமே இல்லை. நம் ஆட்களுக்குக் கலை ரசனை ஏன் இல்லாமல் போனது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. கடைசி இரண்டு வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே இதே விஷயத்துக்காக ஊரில் சிலரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறேன். நடுவில் நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மேப்போடு போங்கள், மேப் இல்லாமல் போங்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் சந்தித்துக்கொள்ளுங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கெல்லாம் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செல்ஃபி எடுத்தால் ஓவியம் தேய்ந்துவிடாது. உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால், உள்ளே நுழையும் முன் முகப்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் மொசைக் சுவரோவியங்களை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 1963இல் அந்தக் கட்டடம் திறந்தபோதே வந்தவை, சியோங் லாய் தோங் என்ற ஓவியருடைய வடிவமைப்பு. என்னைக் கேட்டால் அந்த மியூசியத்தில் இருப்பதிலேயே நல்ல கலைப்பொருள் அதுதான், அது வெளிச்சுவரில் இருக்கிறது, டிக்கெட் வாங்காமலே பார்க்கலாம்.

பினாங்கையும் நான் குறை சொல்லப் போவதில்லை. 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில் தீட்டிய அந்த இரண்டு பிள்ளைகளை யாருக்குத்தான் பிடிக்காது? சைக்கிள் நிஜம், சுவரோடு சாத்தியிருக்கிறது, பிள்ளைகள் வர்ணம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்திருக்கிறான். 2014இல் அவரே ஈப்போவுக்கும் வந்து தீட்டினார். நல்ல கை, சந்தேகமில்லை.

சரி, நான் கேட்க வந்தது வேறு. அந்த ஓவியர் பெயர் உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். சின்ன வயதில் உங்கள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போன தோட்டத்துக் கோவிலின் மேலே இருக்கும் சிற்பங்களைச் செய்தது யார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? பத்துமலை முருகன் 42.7 மீட்டர், 2006 தைப்பூசத்துக்குத் திறந்தார்கள், இந்த அளவெல்லாம் நம்மில் எல்லோருக்கும் மனப்பாடம். செய்த ஸ்தபதி யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர் கையெழுத்துப் போட்டால் அது கலை, நம் ஊர் ஆள் கரண்டி பிடித்தால் அது கோவில் வேலை. இந்தப் புத்தியோடு எத்தனை பட்டணம் சுற்றினாலும் கால்தான் வலிக்கும் அம்மா.

கோபமாகப் பேசுகிறேன், தெரிகிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து கோலகங்சார் போகிற ரோட்டில் உள்ளே திரும்பினால் நான் பிறந்த தோட்டம். அப்போது பால்மரம், அதாவது ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, ஆயாக் கொட்டகை போய்விட்டது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் லோரி நிற்கிறது. மாரியம்மன் கோவில் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோவிலுக்குத் திருப்பணி நடந்தது, தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஸ்தபதி வந்து காலியாகக் கிடந்த லயத்து அறை ஒன்றில் தங்கினார். பையன்களுக்கெல்லாம் அவர் கூடவே திரிவதுதான் வேலை. ஆற்றுமணலைச் சலித்துக் கொடுப்போம், கம்பி வளைக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்வோம். முதலில் செங்கல்லும் கம்பியுமாக ஒரு கூடு கட்டுவார். அதன்மேல் சிமெண்டுக் கலவையை அப்பி, ஈரம் காய்வதற்குள் சின்னக் கரண்டியால் புடவை மடிப்பு, விரல், கண் இமை எல்லாவற்றையும் இழுத்துவிட வேண்டும். இறுகிவிட்டால் திருத்தம் கிடையாது. அதனால் அந்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார், துரை வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன் நிற்பதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை வெட்டு முடிந்து என் பாட்டி காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் கம்பில், இரண்டு வாளிப் பாலையும் தூக்கிக்கொண்டு ஸ்டோர் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். இவர் ஓடிப்போய்க் கொஞ்சம் நில்லுங்கம்மா என்றார். “வேலையத்தவனே, வாளி கனக்குது” என்று திட்டிவிட்டு, ஆனால் நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்கு ஞாபகமில்லை, பால் உறைந்துவிடும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் ஞாபகம்.

முன்மண்டபத்துக் கூரை ஓரத்தில், வடக்கு மூலைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் அவளை வைத்தார். கைலி, மேலே முழுக்கைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு. கம்பு ஏறிய தோள் இறங்கியிருக்கும், எதிர்ப்பக்கத்து இடுப்பு வெளியே தள்ளியிருக்கும், கழுத்து கம்புக்கு இடம் விட்டு ஒருக்களித்திருக்கும். முன்னால் வைத்த காலின் விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கும். சிற்ப சாஸ்திரத்தில் திரிபங்கம் என்பார்கள், உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்பது. அம்பாளுக்கு அந்த நிலையை ஒயிலுக்காகச் செய்வார்கள். இவளுக்கு அதே மூன்று வளைவும் பால் வாளியின் கனத்தால் வந்தது. சாஸ்திரம் படித்த ஒரு மனிதன் கடல் கடந்து வந்து, தான் கைப்பழக்கமாகச் செய்துவந்த ஒரு நிலையை ஒரு பால்வெட்டுக்காரியின் உடம்பில் கண்டுபிடித்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தபோது நான் நரைத்துவிட்டேன். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் நீங்கள் எதற்காக நின்றீர்களோ அதற்கு இது எந்த விதத்தில் குறைச்சல், சொல்லுங்கள்.

பாட்டியின் கருத்து: மூக்கு சரியில்லை.

தெற்கு மூலையில் தொப்பி போட்ட துரை ஒருவரும் உண்டு. ஏதோ ஒரு திருப்பணியில் பெயின்டர் அந்தத் தொப்பியின்மேல் தங்க வர்ணத்தில் கிரீடம் வரைந்து அவரைப் பாண்டிய ராஜாவாக்கிவிட்டார். இதைக்கூட மன்னித்துவிடுவேன், சிரிக்கவாவது முடிகிறது. பாட்டிக்கு நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒரு பூச்சு டின் பெயின்ட். கண் இமை மூடிப்போயிற்று. விரல்களுக்கு நடுவே பெயின்ட் இறங்கி உள்ளங்கை ஒரே கட்டியாகிவிட்டது. போன வருடம் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், குதிகாலில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. மேலே ரோஸ், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வெள்ளி பெயின்ட், எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறச் சிமெண்டு, அதில் அவர் கரண்டி இழுத்த கோடு அப்படியே இருக்கிறது. 2018இல் பத்துமலையின் 272 படிகளுக்கும் வர்ணம் அடித்தார்களே, அது அழகு என்று சொல்கிறவர்களோடு நான் இப்போது சண்டைக்கு வரவில்லை (இன்னொரு நாள் வருவேன்). ஆனால் பெயின்ட் அடித்தால்தான் பக்தி என்று நம் தலையில் எப்படியோ ஏறிவிட்டது.

இப்போது அந்தப் பெயின்ட்டுக்கும் வழியில்லை. திருப்பணிக் கமிட்டி கூடி, முன்மண்டபத்தை இடித்து டைல்ஸ் ஒட்டி, மேலே ஃபைபர் சிலைகள் வாங்கி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறது. பொருளாளர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து போனில் படம் காட்டினார். எல்லா அம்மனுக்கும் ஒரே முகம். அந்தப் பால்வெட்டுக்காரி என்றேன். “சாமி இல்லாத பொம்மை கோவில் மேல எதுக்குங்க?” என்றார். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். நீங்கள் நாத்திகரா என்று கேட்டார்கள். நாத்திகனாக இருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேனே, பக்தனாக இருப்பதால்தானே இந்தப் பாடு.

தோட்டம் கைமாறினால் மூலவரைப் பாலாலயம் செய்து, அதாவது தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருள வைத்து, எடுத்துப் போய்த் தாமான் என்கிற குடியிருப்புப் பக்கத்தில் புதுக் கோவிலில் வைத்துவிடலாம், நிறையத் தோட்டங்களில் அப்படித்தான் நடந்தது. இப்படிக் கலவை அப்பிச் செய்த சுதைச் சிற்பத்தை அப்படித் தூக்க முடியாது. கம்பியும் செங்கல்லும் கட்டடத்தோடு சேர்ந்தது, சுத்தியல் விழுந்தால் அதோடு சரி. 1986இல் கோலாலம்பூர் நடுவே எழுந்த சையட் அகமட் ஜமாலின் ‘புஞ்சாக் பூர்ணாமா’ சிற்பத்தை 2016இல் உடைத்தார்கள், தேசிய ஓவியரின் வேலையை இப்படியா என்று நாடே கேட்டது. ஜொகூர் பாருவில் ஸகாரெவிச் வரைந்த ஒரு சுவரோவியத்துக்கு 2013இல் சுண்ணாம்பு அடித்தார்கள், அதற்கும் ஊரெல்லாம் பேச்சு. நாம் உடைக்கும்போது சத்தமே வராது. நாதஸ்வரம் வாசித்து, அன்னதானம் போட்டு, நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறித்து உடைப்போம்.

உழைக்கிற ஆட்களுக்கு ஊர் நடுவில் எத்தனை சிலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் வைத்தது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள், நரம்பு புடைத்த அபாரமான வேலை, ஆனால் நான்கும் ஆம்பிளைகள். நம் தேசிய நினைவுச் சின்னம் 1966இல் வந்தது. வாஷிங்டன் பக்கத்தில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் கொடி நாட்டுகிற சிற்பத்தைச் செய்த அதே ஃபெலிக்ஸ் டி வெல்டன்தான் இதையும் வார்த்தார். அது படைவீரர்களுக்கு, சரி. பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் நிற்கிறது, அதற்கு வேலி உண்டு, பலகை உண்டு. மரத்துக்கு உண்டு! சுங்கை சிப்புட் என்றால் 1948இல் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த ஊர் என்று சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்தத் துரைமார்களுக்கு விடியற்காலையில் பால் வெட்டிக் கொடுத்தவளுக்கு எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரே சிலை, சிங்கத்துக்குப் பக்கத்தில் ரோஸ் பெயின்ட்டில் நிற்கிறது. அதற்குக் காசு கொடுத்தது லயத்து ஜனங்கள், சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லிக் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் எழுதிக் கொடுத்தார்கள். ரசனை இல்லாத ஆட்கள் என்கிறீர்கள்.

உங்கள்மேல் மட்டும் பாய்வதில் நியாயமில்லைதான். நடந்து பார்க்கிறீர்கள், நின்று பார்க்கிறீர்கள், எழுதவும் செய்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். ஊருக்கு வரும்போது அந்தக் கண்ணைக் கோலாலம்பூரில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

தீபாவளிக்கு அப்புறம் சாரம் கட்டப் போகிறார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வாருங்கள். நல்ல கேமரா இருந்தால் எடுத்து வாருங்கள், ஓர் அளவு நாடாவும் வேண்டும். நான்கு பக்கமும் எடுக்க வேண்டும், முக்கியமாக முதுகு, அங்கேதான் பெயின்ட் குறைவு. ஏணி பூசாரி தருவார். கமிட்டித் தலைவர் பத்து மணிக்கு ஒட்டுக்கடையில் இருப்பார், மண்டபத்தை என்னவோ செய்யட்டும், அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லி நீங்கள் பேசுங்கள். நான் பேசினால் சண்டை வருகிறது. கோலாலம்பூரிலிருந்து இதைப் பார்க்கவே வந்திருக்கிறோம் என்று சொன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்பார்.