வெப்சைட்டில் காலி இடம் இருந்தால் தப்பா?

எங்கள் துணிக்கடை வெப்சைட்டின் முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. வைத்துக்கொள்ளலாமா?

எடுத்துவிடுங்கள். போனில் திறந்து பார்த்தேன். 'ஆடித் தள்ளுபடி' என்று படித்து முடிப்பதற்குள் பட்டுப்புடவை வந்துவிட்டது. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று தேடினால் நான்கு தடவை கீழே தள்ள வேண்டியிருக்கிறது. நல்ல படம் ஒன்று போதும். அதை ஒட்டியே முகவரி, நேரம், போன் நம்பர். ஓடும் படம் வேண்டியே தீரும் என்றால், நிறுத்துவதற்கு ஒரு பட்டனாவது வையுங்கள். தானாக ஓடுவது ஐந்து நொடியைத் தாண்டினால் அதை நிறுத்த வழி வேண்டும் என்று, பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களும் வெப்சைட்டைப் பயன்படுத்துவதற்காக வகுத்த டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) அணுகல் நெறிமுறையே சொல்கிறது.

வெளிர் சாம்பல் எழுத்துதான் கிளாஸாக இருக்கும் என்கிறார் டிசைனர். சரிதானா?

இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்கிறது அதே நெறிமுறை. வெள்ளையின் மேல் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 2.85:1-தான் வருகிறது. அதைவிட அடர்ந்த #767676 தேறிவிடும். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலப் பக்கம் அழகாக இருக்கிறது. அதே டிசைனில் தமிழைப் போட்டால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஏன்?

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டிருப்பார்கள். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'பூ', 'சூ' எல்லாம் கீழே இறங்கும். இடைவெளி எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என்றால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் உரசத்தான் செய்யும். 1.6 அல்லது 1.7 வைத்துப் பாருங்கள், பக்கமே மூச்சு விடும். அப்புறம், வரிகளை இரண்டு ஓரத்துக்கும் இழுத்து நிறுத்தாதீர்கள். போன் திரையில் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். 'பதிவுசெய்துகொண்டவர்கள்' மாதிரி ஒரு நீளமான சொல் அடுத்த வரிக்குத் தாவினால், மிச்சமிருக்கும் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரத்தில் மட்டும் ஒட்டி விடுங்கள். மெனுவில் 'எங்களைத் தொடர்புகொள்ள' எதற்கு? 'தொடர்புக்கு' போதும்.

நான் வெப்சைட் செய்துகொடுக்கும் கஸ்டமர், காலி இடத்தைப் பார்த்தாலே 'இங்க ஏதாவது போடுங்க' என்கிறார். என்ன சொல்வது?

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டுங்கள். மணமக்கள் பெயரைச் சுற்றி இடம் விட்டிருப்பதால்தான் முதலில் அது கண்ணில் படுகிறது. அதற்கும் மசியவில்லையா? இடம் விட்டது ஒன்று, அவர் கேட்டபடி நிரப்பியது ஒன்று என்று இரண்டு பக்கம் தயார் செய்து, அவர் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, கடையின் நம்பரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கஸ்டமர் பக்கத்திலேயே இருந்து பார்க்கட்டும்.