கேள்வி-பதில்: குளோன் முடிந்தது, கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஹார்ட் டிஸ்க்கைக் குளோன் செய்த (அதில் உள்ளதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்த) பிறகு கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை, அதாவது விண்டோஸ் எழவில்லை என்ற புலம்பலாகவே இருப்பதால், மிக்சி, ஃபிரிட்ஜ் பற்றிய கேள்விகளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நகரக் கோயிலின் புள்ளி வரிக் கணக்கு (நகரத்தார் குடும்பங்கள் கோயிலுக்குக் கட்டும் வரி) முழுவதும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. டிஸ்க் மெதுவாகிவிட்டதால் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் வாங்கிக் குளோன் செய்தோம். நூறு சதவீதம் முடிந்தது என்று காட்டியது. மாற்றிப் போட்டால், பூட் ஆவதற்கான டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வருகிறது. பழையதைப் போட்டால் ஓடுகிறது. — வாசகர், தேவகோட்டை

பழையது ஓடும்போதே புள்ளிக் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு மேற்கொண்டு படியுங்கள். நீங்கள் சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்துக் குளோன் செய்திருப்பீர்கள் என்பது என் ஊகம். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில், விண்டோஸை எழுப்புகிற ஃபைல்கள் சி டிரைவில் இருப்பதில்லை. வழக்கமாக 100 எம்.பி. அளவில், டிரைவ் எழுத்து இல்லாததால் நம் கண்ணில் படாமல் கிடக்கும் இ.எஃப்.ஐ. என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. முகப்பும் வளவும் பட்டாலையும் குறையின்றிக் கட்டிவிட்டு, தெருக்கதவுக்கு நிலை வைக்காமல் விட்டதைப் போன்ற வேலை இது. சி டிரைவை மட்டுமின்றி முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்து, மறுபடியும் குளோன் செய்யுங்கள்.

அப்படிச் செய்தும் எழவில்லை என்றால், டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறையில் பழைய டிஸ்க் எம்.பி.ஆர். வகையா, ஜி.பி.டி. வகையா என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். எம்.பி.ஆர். டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழ பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) 'லெகசி' என்ற பழைய முறையில் இருக்க வேண்டும், ஜி.பி.டி. டிஸ்க்குக்கு 'யு.இ.எஃப்.ஐ.' முறை வேண்டும்; குளோன் மென்பொருள் டிஸ்க்கின் வகையை மாற்றியிருந்து, பயாஸ் பழைய முறையிலேயே இருந்தால், டிஸ்க்கில் எல்லாம் இருந்தும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்து மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கி வைத்துவிடும்.

1 டி.பி. என்று அட்டையில் போட்டிருக்கும் டிஸ்க், குளோன் செய்த பிறகு 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? — வாசகர், புதுவயல்

இல்லை. தயாரிப்பவர் 1,000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

புதிய என்.வி.எம்.இ. டிஸ்க்கை (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான எஸ்.எஸ்.டி.) யு.எஸ்.பி. பெட்டியில் வைத்துக் குளோன் செய்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பெட்டியில் இருந்தபடியே பூட் செய்து பார்த்தால் நீலத் திரையும் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகமும் வருகின்றன. டிஸ்க் பழுதா? — மாணவர், காரைக்குடி

டிஸ்க்கில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. சாதாரண விண்டோஸ் யு.எஸ்.பி. வழியாக எழுவதற்கென்று அமைக்கப்பட்டதே அன்று; ஆகவே அந்தச் சோதனையே பிழை. டிஸ்க்கை உள்ளே மாட்டுங்கள். அங்கும் அதே நீலத் திரை வந்தால், சாட்டா என்ற பழைய வகை இணைப்புள்ள டிஸ்க்கில் பழகிய விண்டோஸ் என்.வி.எம்.இ. டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றவில்லை என்று பொருள். ஒரு முறை 'சேஃப் மோட்'டில் எழுப்பினால் பெரும்பாலும் அதுவாகவே சரியாகிவிடும். பயாஸில், டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்க ஏ.ஹெச்.சி.ஐ., ரெய்டு என்று இருக்கும் அமைப்பை யாராவது மாற்றியிருந்தாலும் இதே திரைதான் வரும்.

யு.எஸ்.பி. பெட்டியையும் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிய ஒரு பெட்டி, டிஸ்க்கில் தகவல் பதியும் கட்டமான செக்டரின் அளவை 512 பைட் என்று சொல்வதற்குப் பதில் 4,096 என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லா ஃபைலும் தெரியும், வெளியே எடுத்து நேரடியாக மாட்டினால் வெற்று டிஸ்க் என்று காட்டும். இப்போது அதன் மூடி மேசைமேல் ஸ்க்ரூ போட்டுவைக்க மட்டும் பயன்படுகிறது.

பலகாரக் கடை வைத்திருக்கிறேன். குளோன் செய்யும்போது காலி டிஸ்க்கைப் பழைய டிஸ்க்கின்மேல் ஏற்றிவிட்டேன். மென்பொருள் நிறுவனத்தின்மேல் வழக்குப் போடலாமா? — வாசகர், கோட்டையூர்

இலக்கு டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும் என்று அது எச்சரித்து, நீங்கள் 'சரி' என்று அழுத்திய பிறகுதானே அழித்தது? வழக்கில் ஒன்றும் இல்லை. அந்த டிஸ்க்கை உடனே கழற்றி வையுங்கள், அதில் எதையும் பதியாதீர்கள், இணையத்தில் கிடைக்கும் மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவாதீர்கள். காலி டிஸ்க்கிலிருந்து எழுதப்பட்டது குறைவு என்றால், தகவல் மீட்பவர்களால் பெரும்பகுதியை எடுக்க முடியும். செலவு புது டிஸ்க்கின் விலையைத் தாண்டும். இரண்டு டிஸ்க்குகளின் மாடல் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தச் செலவு இல்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வீட்டுக்கு வந்து குளோன் செய்து தந்தவர் ரூ. 3,800 வாங்கிக்கொண்டு, பழைய டிஸ்க்கை 'எக்ஸ்சேஞ்ச்' என்று எடுத்துப் போய்விட்டார். பில் தரவில்லை. புதிய டிஸ்க் சில நாள் பூட் ஆகிறது, சில நாள் ஆவதில்லை. பேத்தி பார்த்துவிட்டு, இந்த டிஸ்க் ஏற்கெனவே 11,000 மணி நேரம் ஓடியிருக்கிறது என்கிறாள். கேட்டால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்கிறார். — வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் பேத்தி சொல்வது சரி. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். அந்த டிஸ்க் உங்கள் வீட்டுக்கு வரும் முன்பே ஓராண்டுக்கும் மேலாக இரவு பகல் ஓடியதற்குச் சமமாக உழைத்திருக்கிறது. பழையதைப் புதியது என்று உங்களிடம் விற்றிருக்கிறார்கள், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அதைச் சட்டம் என்றே நம் மக்கள் நம்பிவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள் என்றும் சொல்கிறது. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஆகவே பில் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம், பில் தராதவர்தான் தயங்க வேண்டும். 'ஜி.எஸ்.டி. போட்டால் விலை ஏறும், உங்களுக்காகத்தான் பில் இல்லாமல் தருகிறேன்' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு நன்றி சொல்லிவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சலுகை, பொருள் கெடும் நாளில் அவர் உங்களைத் தெரியாது என்று சொல்வதற்கான வசதி.

பணம் கொடுத்த யு.பி.ஐ. பதிவு, அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், மணி நேரம் காட்டும் திரையின் படம், டிஸ்க்கின் வரிசை எண் ஆகியவற்றைத் திரட்டுங்கள். பணத்தையும் பழைய டிஸ்க்கையும் கேட்டுப் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். ரூ. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

பணத்தைவிடப் பழைய டிஸ்க்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதில் உங்கள் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் இருந்திருக்கும், அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னாலும் பல நேரம் மீட்டுவிட முடியும். வங்கிக் கடவுச்சொற்களை இன்றே மாற்றிவிடுங்கள்.

குளோன் செய்தபின், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கிறது. — வாசகர், கானாடுகாத்தான்

உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். அங்கும் இல்லை என்றால், பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி எழுப்பி, பிட்லாக்கரை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி குளோன் செய்யுங்கள். சாவியில்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குளோன் நன்றாக ஓடுகிறது. பழைய டிஸ்க்கை இன்றே ஃபார்மட் செய்யலாமா? — வாசகர், கீழச்சிவல்பட்டி

ஒரு மாதம் பொறுங்கள்.